கான் கட்டி முடிந்தது, வெள்ளம் எங்கே போனது?

கால்வாய்க்கரை | ஞாயிறு, இரவு 8.12

கொழும்பின் விளிம்பில் இருக்கிறேன். எங்கள் லேனுக்கு ஒரு உள்ளூராட்சிச் சபை, கொஞ்சம் தள்ளிப் போனால் இன்னொரு சபை. எவை என்று சொல்லப் போவதில்லை. சண்டை பிடிப்பதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் லேனில் பழைய வடிகானை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். லேன் முகப்பில் ஒரு பலகை: இத்தனை மீற்றர் நீளம், இத்தனை இலட்சம் ரூபாய், திறந்து வைத்தவரின் பெயர். இனி வெள்ளம் வருமா வராதா என்பது மட்டும் பலகையில் இல்லை.

கடைகளில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். எதையும் கொப்பியில் குறித்துப் பழகிவிட்டது. வீட்டு வாசலில் ஐந்து படிகள். பெருமழை பெய்த ஒவ்வொரு நாளும் தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். கான் கட்டுவதற்கு முந்திய மூன்று வருடத்தில் ஒன்பது தடவை தண்ணீர் வந்தது. நான்கு தடவை மூன்றாம் படி. ஒரு தடவை நான்காம் படி, அன்று மோட்டார் சைக்கிளைத் தூக்கி முன்அறைக்குள் வைத்தோம். கட்டிய பிறகு ஆறு தடவை வந்தது, ஒருமுறைகூட முதலாம் படியைத் தாண்டவில்லை. முன்பு வடிய ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். இப்போது ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

ஆக, நான் முறைப்பாடு சொல்ல வரவில்லை. வேலை நன்றாக நடந்திருக்கிறது. கேள்வி வேறு: இந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலாவது இருக்கிறதா? போன மாதம் ஓரிடத்தில் கேட்டுப் பார்த்தேன். "அந்தக் கான் முடிந்துவிட்டதே ஐயா, ஃபைலும் மூடியாயிற்று" என்றார் உத்தியோகத்தர். கானைத் தவிர வேறொன்றை நான் கேட்கிறேன் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.


பழைய_டிராஃப்ட்ஸ்மன் | ஞாயிறு, இரவு 9.05

ஃபைல் எப்படி மூடப்படும் என்று நான் சொல்கிறேன் ஐயா. அரச வேலைத்திட்டங்களுக்கு முன்னேற்ற அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. அதில் முக்கியமான நிரல்கள் இரண்டு: நிதி முன்னேற்றம், பௌதிக முன்னேற்றம். ஒதுக்கிய காசில் எத்தனை வீதம் போனது, கட்ட வேண்டியதில் எத்தனை வீதம் கட்டியாயிற்று. இரண்டும் நூறு வந்தால் கதை முடிந்தது. வருடம் முடிவதற்குள் நூறு வரவில்லை என்றால்தான் எல்லோருக்கும் தலையிடி.

உங்கள் ஐந்து படிக்கு அங்கே நிரல் கிடையாது. முப்பது வருடம் அந்தப் படிவத்தை நிரப்பினேன். மூன்றாவது நிரல் ஒன்று இல்லையே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு நகரத் திட்டம் நேற்று வந்ததல்ல. பட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து நகரத் திட்ட அறிஞர் 1921 இல் கொழும்புக்கு அறிக்கை எழுதினார். முதலில் அளவீடு, பிறகுதான் திட்டம் என்பது அந்த மனிதரின் பிடிவாதம். நாற்பதுகளின் கடைசியில் அபர்குரோம்பி என்ற இன்னொரு நகரத் திட்ட நிபுணர் வந்தார், 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. படங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் பழைய படம் என்ன செய்தது என்று அளந்துவிட்டுப் புதிய படம் கீறியதை நான் இருந்த கந்தோரில் காணவில்லை.


மழைமானி | ஞாயிறு, இரவு 9.31

கொப்பிக்கு முதலில் ஒரு கும்பிடு ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். தண்ணீர் எழுதினீர்கள் சரி, மழை எழுதினீர்களா?

1992 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பில் 24 மணித்தியாலத்துக்குள் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. இந்த மூன்று வருடத்தில் உங்கள் லேனில் அப்படி ஒரு மழை பெய்யவில்லை என்றால் உங்கள் கான் இன்னும் பரீட்சை எழுதவே இல்லை. மழை குறைந்ததால் படி குறைந்ததா, கானால் குறைந்ததா என்று கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. வளிமண்டலவியல் திணைக்களம் தரும் நாள் மழை, காலை 8.30 இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை உள்ளது. செவ்வாய் பின்னேரம் பெய்தது புதன்கிழமை அளவில்தான் தெரியும். அப்புறம், ஒரு மணித்தியாலத்தில் 60 மில்லிமீற்றர் வேறு, நாள் முழுக்கத் தூறி 60 மில்லிமீற்றர் வேறு. கானைத் திணற வைப்பது முதலாவது. செங்குத்தான சுவருள்ள ஒரு பால்மா டின்னை மொட்டைமாடியில் வையுங்கள். மழை விட்டதும் அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். அது போதும்.


கால்வாய்க்கரை | ஞாயிறு, இரவு 9.50

மழை எழுதவில்லை. ஒன்பதுக்கும் ஆறுக்கும் திகதி இருக்கிறது, பழைய அளவுகளைத் தேடிப் பார்க்கிறேன். டின் விஷயம்தான் கஷ்டம் தம்பி. இப்போது விற்கும் விலைக்குப் பால்மாவைப் பைக்கற்றில்தான் வாங்குகிறோம்.


பன்னிரண்டாம்_மாடி | ஞாயிறு, இரவு 10.44

கானுக்குப் படி இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள். வத்தை என்றால்தான் மற்றவர்களுக்கு விளங்கும், நகருக்குள் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்பு. பலகை வீடு இல்லை, அம்மம்மா காலத்திலேயே கல் வீடு, மேலே ஒரு தட்டும் போட்டிருந்தோம். பிறகு காணி வேண்டும் என்றார்கள், தொடர்மாடிக்கு வந்தோம். எந்தத் தொடர்மாடி என்பது வேண்டாம்.

அம்மா இடியப்பம் அவித்து விற்றவர். விடிய ஐந்து மணிக்கு வாசலில் தட்டை வைத்தால் ஏழு மணிக்கு முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓட்டோக்காரர்கள், எல்லோருக்கும் அந்த வாசல்தான் வழி. பன்னிரண்டாம் மாடியில் வாசல் என்று ஒன்று இல்லை. கொரிடோரில் அடுப்பு வைக்கக் கூடாது. அது சரிதான், புகை எங்கே போவது? கீழே கொண்டுபோய் விற்கலாம் என்று பார்த்தோம். லிஃப்ட் வேலை செய்யாத காலையில் இடியப்பத் தட்டுகளும் சொதி வாளியுமாகப் பன்னிரண்டு மாடி இறங்கி, மிச்சத்தோடு திரும்ப ஏற வேண்டும். மூன்று மாதம் செய்தார். முழங்கால் போய்விட்டது. இப்போது அந்த வருமானம் இல்லை. வீட்டுக்காசு, பராமரிப்புக் காசு, தண்ணீர், லைட் பில் நான்கும் மாதம் பிறந்தால் வந்து நிற்கின்றன.

யாரோ ஒருவருடைய அறிக்கையில் நாங்கள் "மீள்குடியேற்றப்பட்ட குடும்பம் 1". சாவி வாங்கிய நாளோடு எங்கள் கதையும் நூறு வீதம் ஆகிவிட்டது. பழைய_டிராஃப்ட்ஸ்மன் ஐயா சொன்ன அதே நிரல்தான்.


தெமட்டகொடைப்_பையன் | ஞாயிறு, இரவு 11.20

அக்கா, நீங்கள் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதை மறுபக்கம். நாங்களும் தொடர்மாடிதான். முன்பு ஒரு கழிவறைக்கு ஏழு குடும்பம். தங்கச்சி பெரிய பிள்ளையான பிறகு இரவில் அம்மா டோர்ச்சோடு கூடவே போய் வெளியில் நிற்க வேண்டும். இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் லிஃப்ட் பழுதானாலும் இதுதான் நல்லது என்பார். எங்கள் வீட்டில் யாரும் வாசலில் பிழைக்கவில்லை, அப்பா துறைமுகத்தில் மாதச் சம்பளம். வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.


பன்னிரண்டாம்_மாடி | திங்கள், காலை 6.15

உண்மைதான் தம்பி. எனக்கும் அந்தக் கழிவறை வரிசை மறக்கவில்லை. நான் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. வருவதற்கு முன் எங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை சதுர அடி என்று எழுதிக்கொண்டு போனார்கள். எதால் பிழைக்கிறீர்கள், எவ்வளவு வருகிறது என்று எழுதிக்கொண்டு போகவில்லை. எழுதியிருந்தால் இரண்டு வருடம் கழித்து வந்து "இப்போது எவ்வளவு" என்று கேட்டிருக்கலாம். முதல் கேள்வி இல்லாமல் இரண்டாவதை எப்படிக் கேட்பது?


பழைய_டிராஃப்ட்ஸ்மன் | திங்கள், காலை 9.40

மகள் சொன்ன அந்தக் கடைசி வரிதான் முழுப் பிரச்சினையும். இதை அடிநிலைத் தரவு என்பார்கள். தொடங்கும்போது எடுக்காவிட்டால் பிறகு எந்தப் பெரிய நிபுணராலும் எடுக்க முடியாது. வீடு இடிந்த பிறகு வாசலில் எத்தனை இடியப்பம் விற்றது என்று யாரிடம் கேட்பது?

அளவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குடும்பங்களைத் தொடர்மாடிக்கு மாற்றும் நகர மீளுருவாக்கத் திட்டத்துக்காக நகர அபிவிருத்தி அதிகார சபை எண்ணிய கணக்கில் கொழும்பு நகருக்குள் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள், அவர்கள் இருந்த காணி சுமார் 900 ஏக்கர். அதிகார சபை 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதும் வேலை வேகமெடுத்தது. அந்த இலக்கில் இரண்டு எண்கள் இருக்கின்றன பாருங்கள்: கட்ட வேண்டிய வீடு, விடுவிக்க வேண்டிய ஏக்கர். இரண்டையும் கிரேன் வைத்து அடையலாம். குடும்பத்தின் வருமானம் மூன்றாவது எண்ணாக இருந்திருந்தால் கட்டடத்தின் அடித்தட்டே வேறு மாதிரி வந்திருக்கும். கடைகளுக்கு, அடுப்புகளுக்கு இடம் விட்டுத்தான் படம் கீறியிருப்போம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 2010 வெள்ளத்துக்குப் பிறகு, 2012 இல், உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனில் கொழும்பு பெருநகருக்கு ஒரு திட்டம் வந்தது. கால்வாய்களைச் சபை எல்லைப்படி பிரிக்காமல் மழைநீர் வந்து சேரும் முழு நீரேந்து பரப்பாகப் பார்த்தார்கள். சதுப்பு நிலத்தை நிரப்பக் காத்திருக்கும் வெறுங்காணியாக எண்ணாமல், வெள்ளத்தைத் தாங்கும் தொட்டியாகக் கணக்கில் எடுத்தார்கள். 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் பலனை அளக்கும் குறிகாட்டிகள் இருந்தன. கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள், அதனால் இருந்தன.


ஈஸ்ட்ஹாம்_தம்பி | திங்கள், மாலை 5.02

லண்டனில் ஒரு உள்ளூராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். பிறந்தது கொட்டாஞ்சேனை. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் கட்டட விண்ணப்பத்துக்குச் சட்டப்படி காலக்கெடு உண்டு. சிறியதற்கு 8 வாரம், பெரியதற்கு 13 வாரம். ஒரு மன்றம் நல்லதா கெட்டதா என்பதை நீண்ட காலமாக இந்த வாரங்களை வைத்தே பார்க்கிறார்கள். எட்டு வாரத்தில் அனுமதி கொடுத்த கட்டடத்தில் வெயில் படாத அறைகள் இருந்தாலும் எங்களுக்கு முழுப் புள்ளி. வேகத்தையும் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, அந்த இடம் மனிதருக்கு என்ன ஆனது என்று அளக்க வேண்டும் என 2020 இல்தான் இங்குள்ள நகரத் திட்டமிடுவோர் நிறுவகம் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டது. அது பேசப்பட்ட அளவுக்கு எங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை.

கொழும்புக்கும் இதே வியாதி வந்தது. எந்த நாட்டில் தொழில் நடத்துவது இலகு என்று வரிசைப்படுத்தும் உலக வங்கியின் வணிக இலகுத் தரவரிசை இருந்ததல்லவா, அதில் இலங்கைக்காக அளக்கப்பட்ட நகரம் கொழும்புதான். கட்டட அனுமதி எடுக்க எத்தனை படிமுறை, எத்தனை நாள் என்று எண்ணுவார்கள். எல்லோருக்கும் நாளைக் குறைப்பதே இலக்கானது. 2021 இல், தரவில் முறைகேடு என்று உலக வங்கியே அதைக் கைவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு தொடர்மாடிக்கும் தனித்தனியாக அனுமதி சரியாக இருக்கலாம். இருபது கட்டடம் சேர்ந்து ஒரே பழைய மலக்குழாயில் இறங்கும்போது என்ன ஆகும் என்பது எந்தத் தனி ஃபைலிலும் வராது.


நடத்துனர் | திங்கள், மாலை 6.30

மேயர் தேர்தல் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்ட சபைகளே இல்லாமல் இருந்ததைப் பற்றிப் பேசலாம். யாருடைய கட்சி திருட்டுக் கட்சி என்பதற்கு வேறு இழை இருக்கிறது.


கொலன்னாவைக்காரன் | திங்கள், இரவு 8.48

எல்லோரும் எதை அளப்பது என்று பேசுகிறீர்கள். எதுவரை அளப்பது என்பதை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்து மீதொட்டமுல்லை. புளூமெண்டல் குப்பைமேடு 2009 அளவில் மூடப்பட்ட பிறகு கொழும்பு நகரின் குப்பை அங்கேதான் வந்தது. நகருக்குள் மட்டும் நின்று அளந்தால் அந்த வருடங்கள் வெற்றி. வீதிகள் கூட்டித் துடைத்தாற்போல இருந்தன, நடைபாதைக்குக் கல் பதித்தார்கள், வெளிநாட்டுக்காரர் வந்து சுத்தமான ஊர் என்று புகழ்ந்தார்கள். அந்தச் சுத்தம் முழுக்க எல்லைக்கு வெளியே எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலையாக வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பின்னேரம், சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். பலகாரம் சுட்டு வைத்திருந்த வீடுகள் அவை.

அதற்குப் பிறகாவது அளக்கும் எல்லைக் கோடு மாறியதா? புத்தளத்தில் அருவக்காலுவுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். 2018 இல் புத்தளம் சனம் வீதிக்கு இறங்கியது. 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது, அது பரவாயில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு சபை "சேகரித்த கழிவு இத்தனை தொன்" என்றுதான் சொல்லும். இறக்கிய இடத்தில் யார் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிறார் என்று சொல்லாது.

கால்வாய்க்கரை ஐயா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். உங்கள் கானில் வடிகிற தண்ணீர் போய்ச் சேரும் இடம் எது?


கால்வாய்க்கரை | திங்கள், இரவு 9.15

லேன் முடிவில் ஒரு கல்வெட்டு, அதாவது வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் சின்னப் பாலம், அதற்குக் கீழால் போய்க் கால்வாயில் விழுகிறது. அப்படித்தான் நினைக்கிறேன். பலகையில் உள்ள நீளம் கல்வெட்டோடு முடிகிறது.


தாழ்ந்த_பக்கம் | திங்கள், இரவு 11.37

இரண்டு வருடமாக இந்த மன்றத்தை வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

ஐயா, லேன் முகப்பில் பலகை, பலகைக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் ஐஸ் டிப்போ, முடிவில் கல்வெட்டு. நீங்கள் சொல்வது அந்த லேன் என்றால், நாங்கள் கல்வெட்டுக்கு அந்தப் பக்கம். வேறு சபை. உங்கள் கான் கொன்கிறீட். எங்கள் பக்கம் அதே பழைய மண் வாய்க்கால், பாதி அகலம். முன்பெல்லாம் மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கும், அதற்குள் சாமான்களை மேலே எடுத்து வைத்துவிடலாம். இந்த இரண்டு மூன்று வருடமாக மழை பெய்யும்போதே கல்வெட்டால் பாய்ந்து வருகிறது. போன ஒக்டோபரில் கட்டில் விளிம்பைத் தொட்டது. ஃபிரிட்ஜ் போனது. மழை கூடிவிட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.


மழைமானி | செவ்வாய், காலை 7.05

மேலே வேகமாக வடிந்தால் கீழே வேகமாகச் சேரும். கொன்கிறீட்டில் தண்ணீர் தங்காது, மண்ணில் ஊறவும் ஊறாது. முன்பு உங்கள் லேன் தன்னை அறியாமல் ஒரு தொட்டியாக இருந்திருக்கிறது ஐயா, ஐந்தாறு மணித்தியாலம் பிடித்து வைத்து மெல்ல விட்டிருக்கிறது. அந்தத் தொட்டியை அகற்றிவிட்டார்கள். ஆனாலும் ஒரு மழையின் நேரத்தை இரண்டு பக்கமும் குறித்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. கால்வாய் வாயில் மணல் மூடியிருந்தாலும் கீழே தண்ணீர் தேங்கும்.


கால்வாய்க்கரை | செவ்வாய், காலை 8.20

அந்த லேன்தான். ஐஸ் டிப்போவுக்கு அடுத்த வீடு என்னுடையது.

நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். போன ஒக்டோபர் மழைக்கு நேரே "முதலாம் படி, 50 நிமிடம், மிக நன்று" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.


ஆர்டிஐ_அக்கா | செவ்வாய், முற்பகல் 11.10

இரண்டு பேரும் கவலைப்பட்டது போதும், கடிதம் எழுதுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

"கானால் என்ன பலன்" என்று கேட்காதீர்கள், "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு அந்தக் கான் வடிவமைக்கப்பட்டது? கட்டுவதற்கு முன் எடுத்த மட்ட அளவீடு எங்கே? கல்வெட்டுக்குக் கீழே உள்ள வாய்க்காலின் கொள்ளளவைப் பார்த்தார்களா, பார்த்தால் அந்தத் தாளின் பிரதி. அடுத்த சபைக்குக் கடிதம் போட்டார்களா, போட்டால் அதன் பிரதி. இரண்டு சபைக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியை அனுப்புங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் நிறைய விளங்கும்.

சட்டத்தின் 9 ஆம் பிரிவையும் வாசியுங்கள். உள்ளூர்ப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால் தொடங்குவதற்கு முன்பே அதன் தகவலை மக்களுக்கு அறிவிக்க வேண்டிய கடமை அமைச்சருக்கு உண்டு.

பன்னிரண்டாம்_மாடி, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். இடம்மாறும் முன் எடுத்த குடும்ப விவரப் படிவத்தின் பிரதியை நீங்கள் கேட்டுப் பெறலாம். அதில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்ததா என்று பார்ப்போம்.


பன்னிரண்டாம்_மாடி | செவ்வாய், பிற்பகல் 1.26

கேட்கிறேன் அக்கா. கட்டம் இருந்து அதில் "வீட்டுப் பணி" என்று எழுதியிருந்தால் அம்மாவிடம் காட்ட மாட்டேன்.


தாழ்ந்த_பக்கம் | செவ்வாய், இரவு 7.58

ஐயா, எங்கள் வீட்டில் படி இல்லை, வாசல் தரையோடு தரை. கதவு நிலையில் மகன் பெயின்றால் கோடு போட்டுவிட்டான், ஓர் அங்குலத்துக்கு ஒன்று. நேரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?


கால்வாய்க்கரை | செவ்வாய், இரவு 8.30

அனுப்புங்கள் தங்கச்சி. மழை தொடங்கியதும் நானும் அனுப்புகிறேன், உங்களுக்குச் சாமான் தூக்கக் கொஞ்ச நேரமாவது கிடைக்கும். டின்னும் கிடைத்துவிட்டது. மச்சாள் வீட்டில் பழைய பிஸ்கட் டின், ஆனால் சதுரம். மழைமானித் தம்பி, சதுரமாக இருந்தால் பரவாயில்லையா?


மழைமானி | செவ்வாய், இரவு 8.41

பரவாயில்லை ஐயா. வாயும் அடியும் ஒரே அளவாக இருந்தால் சரி. மூடியைக் கழற்றி வையுங்கள்.